உப்பிய பேட்டரியை எங்கே போடுவது?



என் பழைய கைப்பேசியின் பேட்டரி பூரி போல உப்பி, பின்மூடியையே தள்ளிக்கொண்டு நின்றது. பழுதுபார்க்கும் கடையில் புதியதை மாட்டிவிட்டு, பழையதை என் கையில் கொடுத்து, ‘குப்பையில போட்டுடுங்க சார்’ என்றார்கள்.

லித்தியம் அயன் பேட்டரி செத்துவிட்டதாகத் தோன்றினாலும் உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும். குப்பை லாரியில் நசுங்கினால் உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து, ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம். அதில் முதலில் சிக்குபவர் வெறுங்கையால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர்தான்.

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. குப்பைமேட்டில் கொட்டவோ எரிக்கவோ கூடாது. பேட்டரியின் மேல் குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பதும் இதைச் சொல்லத்தான். பேட்டரியிலுள்ள லித்தியம், கோபால்ட், நிக்கல் போன்றவற்றை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

விதி இருக்கிறது, எங்கள் பகுதியில் பெட்டிதான் இல்லை. வார்டு அலுவலகங்களிலும் கைப்பேசிக் கடைகளிலும் சேகரிப்புப் பெட்டி வைக்க மாநகராட்சி முன்வர வேண்டும். அதுவரை பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, வெயில் படாத இடத்தில் தனியே வைத்திருந்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

– வாசகர், மதுரை