உர மூட்டையா, வெடிமருந்தா? கிடங்கில் தேங்கும் அபாயம்

தில்லி செங்கோட்டை அருகே 2025 நவம்பர் 10-ஆம் தேதி கார் வெடித்துப் பலர் மாண்டனர். அதே சமயத்தில் ஹரியானா மாநிலம் ஃபரிதாபாத்தில் வெடிபொருள் தயாரிக்கும் சரக்கு ஏறத்தாழ 2,900 கிலோ பிடிபட்டது. அம்மோனியம் நைட்ரேட்டும் அதில் இருந்தது. பிடிபட்ட சரக்கில் ஒரு பகுதியை ஸ்ரீநகரில் உள்ள நவ்காம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நவம்பர் 14-ஆம் தேதி இரவு அந்தப் போலீஸ் நிலையமே வெடித்துச் சிதறியது. 9 பேர் இறந்தனர். மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்து என்று போலீஸ் தலைமை அறிவித்தது.

கார் வெடித்ததைப் பற்றி நாடெங்கும் பேசினார்கள். போலீஸ் நிலையம் வெடித்தது சீக்கிரமே மறந்துபோயிற்று. துறைமுகத்திலும் லாரி ஆபீசிலும் கிடங்கிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் யோசித்துப் பார்க்கவேண்டியது இந்த இரண்டாவது செய்தியைத்தான்.

அம்மோனியம் நைட்ரேட் பார்ப்பதற்குக் கல்லுப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். பயிருக்குத் தழைச்சத்து தரும் சரக்கு. பல நாடுகளில் வயலுக்கு நேராகவே போடுகிறார்கள். நம் நாட்டில் விவசாயிக்கு யூரியாதான் பிரதானம். அம்மோனியம் நைட்ரேட் பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கல் குவாரிகளுக்கும் போகிறது. எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் உள்ள கலவையை வெடிபொருளாகவே கருதவேண்டும் என்று மத்திய அரசு 2011-இல் அறிவித்தது. 2012-இல் தனி விதிகளும் வந்தன. ஆனால், நைட்ரேட்டைத் தனியே பிரித்தெடுக்க முடியாத உரங்களுக்கு விலக்கு உண்டு. அது நியாயமான விலக்குதான். ஆனாலும் ஒரே சரக்கு ஒரு பெயரில் உரமாகவும் இன்னொரு பெயரில் வெடிமருந்தாகவும் நடமாட முடிகிறது. உரத்துக்கு ஓர் இலாகா, வெடிபொருளுக்கு நாகபுரியில் ஒரு தலைமை அலுவலகம், இறக்குமதிக்குச் சுங்க இலாகா, களவு போனால் மாநிலப் போலீஸ். மூட்டை மட்டும் ஒன்றுதான்.

தொட்டால் வெடிக்கிற சரக்கு அல்ல இது. சுத்தமாக, குளிர்ச்சியாக, காற்றோட்டத்தோடு வைத்தால் பேசாமல் கிடக்கும். டீசல், எண்ணெய், மரத்தூள், கந்தகம் போன்றவை கலந்தாலும், அடைபட்ட இடத்தில் சூடேறினாலும் சுபாவம் மாறிவிடும். நெருப்புக்கு வேண்டிய பிராண வாயு அதற்குள்ளேயே இருப்பதால், மூடி அமுக்கி அதை அணைக்க முடியாது. தண்ணீரை ஏராளமாகக் கொட்டவேண்டும், காற்றுக்கு வழி விடவேண்டும். முடியாவிட்டால் ஆட்களை விலக்கிவிடவேண்டும். இது தெரியாமல்தான் 1947 ஏப்ரல் 16-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில், சரக்கு நனைந்து வீணாகிவிடும் என்று கப்பலின் மூடிகளை அடைத்து உள்ளே நீராவியைச் செலுத்தினார்கள். காகிதப் பைகளில் இருந்த 2,000 டன்னுக்கு மேற்பட்ட உரம் வெடித்தது. குறைந்தது 581 பேர் மாண்டனர். அணைக்க வந்த தீயணைப்பு வீரர்களும் அதில் அடக்கம். ஏற்றுகிறவனுக்கும் அணைக்கிறவனுக்கும் அது வெறும் உரம்.

பெய்ரூட்டில் நடந்தது வேறு ரகம். அங்கே விஷயம் தெரியாதவர்கள் இல்லை. 2013-இல் அந்தத் துறைமுகத்துக்கு வந்து முடங்கிய கப்பலிலிருந்து 2,750 டன் நைட்ரேட்டை இறக்கி, 12-ஆம் எண் கிடங்கில் அடுக்கினார்கள். இதை அப்புறப்படுத்துங்கள் என்று சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார்கள். கடிதங்கள் கோப்பில் சேர்ந்தன, சரக்கு கிடங்கில் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தீப்பிடித்தபோது அனுப்பப்பட்ட தீயணைப்புக் குழுவினர் 10 பேர், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலே போய் மாண்டார்கள். மொத்தச் சாவு 200-ஐத் தாண்டியது. குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிற எவருக்கும் இந்தக் கடிதங்களின் கதை புதிதாக இராது.

அந்தச் செய்தி வந்த அடுத்த நாளே சென்னையில் பரபரப்பு உண்டாயிற்று. மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் 37 கண்டெய்னர்களில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. உரத் தரம் என்று சொல்லி இறக்குமதி செய்யப்பட்டது, ஆனால் வெடிமருந்துத் தரம் என்று சுங்க இலாகா 2015-இல் பறிமுதல் செய்த சரக்கு. அதில் கொஞ்சம் அந்த வருஷத்து வெள்ளத்திலேயே கெட்டுப்போயிற்று. ஐந்து வருஷம் நகராத கண்டெய்னர்கள், பெய்ரூட் வெடித்த பிறகு சில நாள்களில் ஏலம் முடிந்து ஹைதராபாத்துக்குப் புறப்பட்டன. மனம் வைத்தால் முடிகிற காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு ஏழு கடலுக்கு அப்பால் ஒரு நகரம் பாழாகவேண்டியிருந்தது.

கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். பெய்ரூட்டிலும் மணலியிலும் நவ்காமிலும் சரக்குக்குச் சொந்தக்காரன் யாரும் அருகில் இல்லை. வியாபாரியின் கையில் இருக்கும்வரை சரக்குக்கு விலை உண்டு. லைசென்ஸ், இருப்புப் பதிவேடு, காவல் எல்லாம் உண்டு. சட்டம் அதைக் கைப்பற்றிய நிமிஷத்திலிருந்து அது வழக்கின் சாட்சியப் பொருளாகி, யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது. காவல் பலமாக வேண்டிய இடத்தில்தான் கவனம் குறைகிறது.

2021-இல் விதிகளைத் திருத்தினார்கள். துறைமுகத்தில் இறங்கும் நைட்ரேட்டைத் துறைமுக எல்லையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் உள்ள கிடங்குக்கு மாற்றவேண்டும், மூட்டையாகவே இறக்குமதி செய்யவேண்டும், பறிமுதலானதைச் சீக்கிரம் ஏலம் விடவேண்டும் என்று வந்தது. நல்ல திருத்தம். மும்பை வட்டாரத்தில் தலோஜாவில் இதைத் தயாரிக்கும் பெரிய ஆலை இருக்கிறது, நவசேவாவில் துறைமுகம் இருக்கிறது. ஆகவே இது நமக்குத் தூரத்து விவகாரம் அல்ல. 1944 ஏப்ரல் 14-இல் விக்டோரியா டாக்கில் வெடிமருந்தையும் பருத்திப் பேல்களையும் ஒரே கப்பலில் ஏற்றி வந்ததால் நேர்ந்த நாசத்தை இந்த ஊர்ப் பழைய ஆள்கள் சொல்லக் கேட்டிருப்போம். எதன் பக்கத்தில் எதை அடுக்குவது என்ற கேள்வி இன்றும் ஒவ்வொரு கிடங்கு மேஸ்திரிக்கும் தினசரிக் கேள்வி. அவருக்குக் கையில் கிடைப்பது ஒரு சலானும் அதில் எழுதிய பெயரும்தான். அந்தப் பெயர் பொய்யானால் அவர் என்ன செய்வார்?

துறைமுகத்துக்கு வழி பிறந்துவிட்டது. போலீஸ் நிலையத்துக்கு? 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், கைப்பற்றிய பொருளைப் பட்டியலிட்டுப் படம் எடுக்க 14 நாள், அதன்பின் அதை என்ன செய்வதென்று மாஜிஸ்திரேட் உத்தரவிட 30 நாள் என்று கெடு இருக்கிறது. முன்பு வருஷக்கணக்கில் கிடந்ததற்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் நவ்காமில் ஒரு வாரம்கூட ஆகவில்லை. சரக்கு பிடிபட்ட நாளிலிருந்து உத்தரவு வரும் நாள்வரை அது எங்கே இருக்கவேண்டும் என்பதற்கும் விதி வேண்டும். லைசென்ஸ் பெற்ற வெடிபொருள் கிடங்கு எது, அதன் வாடகையை எந்த இலாகா கொடுப்பது, மாதிரிக்கு எத்தனை கிராம் போதும் என்பதை மாவட்டம்தோறும் முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.