மூடிய நஞ்சு மாண்டதாகுமா?

நஞ்சேறிய அடையலை அகழாது, கிடந்த இடத்திலேயே மூடிவிட்டாற் போதும் என்று வாதிடுவோர் உளர். அகழ்வு சேற்றைக் கலக்கி நஞ்சை மீண்டும் நீரிற் பரப்பக்கூடும் என்பது மெய்யே. ஆயினும் மூடுதல் வேறு, நீக்குதல் வேறு.

யப்பானின் மினமாட்டா விரிகுடாவை நோக்குக. 1932 முதல் 1968 வரை சிசோ ஆலை இரசக் கழிவை அங்கே வெளியேற்றியது. மீனுண்ட மக்கள் நரம்பு நோயுற்று மாண்டனர். 1977 இல் தொடங்கி 1990 இல் முடிந்த பணியில், நஞ்சு மிகுந்த பகுதி உருக்குச் சுவர்களால் அடைக்கப்பட்டது. ஏனைய பகுதிகளின் சேறும் அதனுள் இடப்பட்டு, மேலே மண் பரப்பப்பட்டது. இவ்வாறு உருவான 58 எக்டேயர் நிலத்தின் மீது இன்று பூங்கா இருக்கின்றது. ஆனால் இரசம் ஒரு மூலகம்; அது அழிவதில்லை. உருக்கோ துருப்பிடிப்பது. மினமாட்டா அமைந்துள்ள குமமோட்டோ மாகாணத்தை 2016 இல் நிலநடுக்கமும் உலுக்கியது.

கரித்தூளை அடையலிற் கலந்து சில நஞ்சுகளைப் பிணித்துவைக்கும் முறையும் இன்றுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் பிணித்த நஞ்சுக்கும் காவல் வேண்டும்.

அகழ்வதா, மூடுவதா என்பதைப் பொறியியலாளர் ஆராயட்டும். தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்கும் செலவு யாருடையது என்பது சமூகத்தின் வினா. நஞ்சைக் கொட்டியவரே அதனை ஏற்கவேண்டும். அவ்வுறுதி இல்லாத இடத்தில், மூடுதல் என்பது குற்றத்தை மறைத்தலேயாம்.