மூலைக்கு மூலை அளக்காத சர்வே

வீடு வாங்குகிறவர்களிடம் சர்வே படம் என்று ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். நாலு கோடு, நாலு அளவு, ஒரு ரப்பர் முத்திரை. அதற்குக் கூலி வேறு.

நாலு பக்கத்தை மட்டும் அளந்தால் மனையின் பரப்பு தெரியாது. பிரெஞ்சுப் பள்ளியில் சிறுவயதிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. 30க்கு 40 அடி என்றால் 1200 சதுர அடி என்று பெருக்கிவிடுகிறார்கள். மூலைக்கு மூலை 50 அடி இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. மனை சாய்ந்து, ஒரு மூலைவிட்டம் 40 அடியாக இருந்தால், அதே நாலு பக்கத்துக்குள் 1112 சதுர அடிதான் அடங்கும். மீதி 88 சதுர அடி பத்திரத்தில் இருக்கும், தரையில் இருக்காது.

என் தங்கை மகனுக்கு இதுதான் நடந்தது. வந்த சர்வேயர் டேப்பைப் பிரிக்கவே இல்லை. மதில் எழுப்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். கேட்டால், "பத்திரத்தில் உள்ளதைத்தானே போட்டேன்" என்கிறார். பத்திரம் படிக்க எங்களுக்கே தெரியுமே ஐயா, நீங்கள் எதற்கு?

நம் புதுச்சேரியில் தொல்லை இரட்டிப்பு. கதாஸ்தர் எண் ஒன்று, ரீசர்வே எண் ஒன்று. ஆர், சாந்தியார், குழி என்று அளவுகள். இங்கே குழி 576 சதுர அடி, தமிழ்நாட்டில் 144. இதையெல்லாம் ஒப்பிடத் தெரியாதவர் கையெழுத்துப் போடலாமா?

முன்பணம் கொடுப்பதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, எதிரில் நின்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூலைவிட்டமும் படத்தில் இருக்கட்டும். எல்லைக் கல்லைக் காட்டட்டும். புலப்படத்தோடு ஒப்பிடட்டும். கூலி அதற்குப் பிறகு.