எந்த மா, அண்ணை?

வெள்ளவத்தையில் பொழுதுபட்டதும் காலி வீதிச் சைவக்கடைகளில் இடியப்பம் வாங்க நிற்பவர்களிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்கப்படும். சிவப்பா, வெள்ளையா? எத்தனை? நீங்கள் திருப்பி மூன்றாவது ஒன்றைக் கேட்டால் உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

"அண்ணை, இது எந்த மாவிலை அவிச்சது?"

"அரிசி மா தான் தம்பி."

"கோதுமை மா கலக்கேல்லையோ?"

"கொஞ்சம் போட்டால்தானே பிழிய வரும். எல்லாரும் போடுறதுதான்."

இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதற்பதிலோடு பார்சலைக் கட்டிக்கொண்டு போகிறவர் சீலியாக் நோயாளி என்றால், அன்றிரவு அவர் சாப்பிடுவது அவருக்கு நஞ்சு.

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவரின் உடலுக்குள் அது போனால், நோயெதிர்ப்புத் தொகுதி அவருடைய சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்கிவிடும். வயிற்றோட்டம், தீராத இரத்தச்சோகை, வளராத பிள்ளை, தேயும் எலும்பு என்று அது பல வேடங்களில் வரும். வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் இன்றுவரை இருக்கும் வைத்தியம். குளூட்டன் அற்றது என்று சொல்ல, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம். ஒரு கிலோ அரிசி மாவுக்கு நூறு கிராம் கோதுமை மா சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் விட்டுக் குழைத்த பிறகும் அது அந்த எல்லையை நூறு மடங்குக்கு மேல் தாண்டி நிற்கும். அண்ணையின் 'கொஞ்சம்' அவ்வளவு பெரியது.

இலங்கைத் தமிழில் 'மா' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகின்றன: அரிசி மா, உளுத்தம் மா, குரக்கன் மா, ஒடியல் மா, அவித்த மா. கடைசியாகச் சொன்ன அவித்த மாதான் வில்லன். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் என்று நம் வீடுகளில் அவித்து அரித்து வைப்பது பெரும்பாலும் கோதுமை மாவையே. இந்த மண்ணில் கோதுமை விளைவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டோடு பரவலாகி, 'அமெரிக்கன் மா' என்று பெயர் வாங்கி, 1980 இல் திருகோணமலையில் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியபின் அது முற்றாக வீட்டு மாவாகிவிட்டது. தோசைக்கு அரைத்த உளுந்தோடும் மோதகத்துக்கு வறுத்த அரிசி மாவோடும் அது சேர்ந்துகொண்டது. சேர்ந்ததை யாரும் தனியாகச் சொல்வதில்லை. உப்புப் போட்டதை யார் சொல்வார்கள்?

அதனால்தான் 'குளூட்டன் இல்லாத உணவுகள்' என்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து உறவினர் அனுப்பும் பட்டியல்களை நான் பாதிதான் நம்புகிறேன். 1968 முதல் இயங்கும் பிரித்தானிய சீலியாக் அமைப்பு நோயைப் பற்றிச் சொல்வதை முழுதாக நம்பலாம். நம்முடைய இடியப்பத்தைப் பற்றி அது என்ன கண்டது? அரிசி உணவு, ஆகவே ஆபத்தில்லை என்று ஏதோ ஒரு நாட்டில் எழுதப்பட்ட வரி, கொழும்புக்கு வந்ததும் பொய்யாகிவிடுகிறது. நோய்க்கு ஒரு சாட்சி, சாப்பாட்டுக்கு வேறொரு சாட்சி. குடலைப் பற்றி வைத்தியர் பேசட்டும். பாத்திரத்தைப் பற்றி அதைக் கழுவுகிறவரைத்தான் கேட்க வேண்டும்.

'இது வடக்கத்தியர் நோய், நமக்கு வராது' என்றும் ஒரு பேச்சு உண்டு. 2016 இல் வெளியான இந்திய ஆய்வொன்று 23,331 பேரைப் பரிசோதித்தது. இந்நோயைக் காட்டும் பிறபொருளெதிரிகள் வட இந்தியாவில் 1.23 வீதத்தினரிடம் இருந்தன. வேலூரை உள்ளடக்கிய தெற்கில் 0.10 வீதத்தினரிடம் மட்டுமே. இத்தோடு படிப்பதை நிறுத்தினால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. பெரிதாக வேறுபட்டது கோதுமை: வடக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். காலையில் பாண், நாலு மணிக்கு றோல்ஸ், இரவில் கொத்துரொட்டி என்று வாழும் கொழும்புத் தமிழர் எந்தப் பக்கம் நிற்கிறார்? வேலூரின் கணக்கைக் காட்டி நாம் ஆறுதலடைய முடியாது என்பது என் கருத்து.

மறைந்திருப்பவை இன்னும் உண்டு. கட்டிப் பெருங்காயம், பெருங்காயத்தூள் இரண்டிலும் பல வகைகள் கோதுமை மா கலந்தவை. ஆகவே சாம்பாரும் ரசமும் சந்தேகத்துக்குரியவை. சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமையோடுதான் புளிக்கவைக்கப்படுகிறது. மோல்ட் என்று பெயர் கொண்ட பானங்கள் பார்லியில் பிறந்தவை. காய்ச்சல்காரருக்கு அன்போடு காய்ச்சிக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் அப்படியே. கோதுமை இல்லை என்றாலே குளூட்டன் இல்லை என்று ஆகிவிடாது. ரொட்டி போட்ட கல்லிலேயே தோசை வார்த்தால் உளுந்தும் அரிசியும் மட்டுமே அரைத்த மாவும் கெட்டுப்போகும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் இதற்கு வேறொரு முகம். புனித லூசியா பேராலயத்தில் நற்கருணை வாங்கும் சீலியாக் நோயாளி அந்த மெல்லிய கோதுமை அப்பத்தை என்ன செய்வது? வத்திக்கான் 2017 ஜூனில் அனுப்பிய சுற்றறிக்கை இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது. மிகக் குறைந்த அளவு குளூட்டன் உள்ள கோதுமை அப்பம் செல்லும். அப்பத்தை விட்டுத் திராட்சை இரசத்தை மட்டும் பெறவும் திருச்சபையில் வழியுண்டு. நோயாளி அந்த முடிவை விரும்பலாம், விரும்பாமலும் போகலாம். ஆனால் யார் சொன்னது, என்று சொன்னது, எது செல்லும் எது செல்லாது என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கின்றன. நமது பலகாரப் பைக்கற்றுகளின் பின்புறத்தைவிட உரோமாபுரியின் கடிதம் தெளிவாக இருப்பது கொஞ்சம் வெட்கத்துக்குரியதுதான். அடைக்கப்பட்ட உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று கோடெக்ஸ் எப்போதோ எழுதிவைத்துவிட்டது. இங்கே 'மா', 'மாப்பொருள்' என்று மட்டும் அச்சிட்டால் வாசிப்பவருக்கு என்ன விளங்கும்? எந்தத் தானியத்தின் மா என்பது மூன்று மொழியிலும் வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். வயிறு சரியில்லை என்றதும் 'ஒரு மாதம் கோதுமையை விட்டுப் பார்' என்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். விட்டுவிட்டுப் பரிசோதித்தால் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். குடலிலிருந்து எடுக்கும் சிறு துண்டும் அப்படியே ஏமாற்றலாம். முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு தேவையானால் எண்டொஸ்கொப்பி, முடிவு வரும்வரை வழக்கமான சாப்பாடு. அதற்குப் பிறகுதான் விலக்குவது. நோய் உறுதியானால் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். இது குடும்பங்களில் ஓடும் நோய்.

அதன்பின் அரிசிச் சோறு, குரக்கன், பனங்கிழங்கிலிருந்து வரும் ஒடியல் மா, பயறு, மரவள்ளி, மீன் என்று நம்முடைய பழைய அடுப்பே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். இறக்குமதி செய்த விலைகூடிய பாண் கட்டாயமில்லை.

சைவக்கடை முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள். இடியப்பத் தட்டுக்கு மேலே ஒரு சின்ன மட்டையில் 'அரிசி மா மட்டும்' அல்லது 'கோதுமை மா கலந்தது' என்று எழுதி வையுங்கள். கலப்பதை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. எழுதினால் போதும்.