400 ரூபாய்க் கூலி, 500 ரூபாய்ச் சான்று

2021 ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை, கேரள-தமிழ்நாடு எல்லையில் குமுளி செக்போஸ்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் இரண்டு உத்தரவுகள் அமலுக்கு வந்தன. கேரளத்திலிருந்து வருகிறவர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த, கொரோனா இல்லை என்ற ஆர்.டி.பி.சி.ஆர். சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு தடுப்பூசியும் போட்டு 14 நாள் கழிந்திருக்க வேண்டும் என்றது தமிழ்நாடு. கடைக்கும் சந்தைக்கும் வங்கிக்கும் வருகிறவர் முதல் ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது அதே 72 மணி நேரச் சான்று வேண்டும், அதுவும் இல்லையென்றால் கொரோனா வந்துபோய் ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்றது கேரளம். ஆக, ஒரு ஊசி போட்ட, கேரளப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டுப் பெண் வண்டிப்பெரியாறு பலசரக்குக் கடையில் நல்ல ஆரோக்கியசாலி. குமுளிக் கம்பியைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கம்பத்துக்கு இறங்கினால் அவளே ஆபத்தானவள். உடம்பு ஒன்று, கிருமி ஒன்று, தீர்ப்பு மட்டும் இரண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஒன்றுதான் எந்தச் சான்றும் இல்லாமல் சுரங்கம் வழியாகத் தேனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் மூக்கில் குச்சி விட யாருக்கும் தோன்றவில்லை.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றனவே என்று அப்போது அலுத்துக்கொண்டவர்களோடு நாம் சேரப்போவதில்லை. 2019 இறுதி வரை யாருக்கும் தெரியாத ஒரு நோயைப் பற்றி முதல் நாள் சொன்னதையே கடைசி நாள் வரை சொல்கிற மருத்துவர்தான் பயப்பட வேண்டியவர். நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்கிறவரும் முகக்கவசம் போட்டால் போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் முதலில் சொன்னது. 2020 ஜூன் மாதம், நோய் பரவும் இடங்களில் பொதுமக்களும் துணிக் கவசம் அணியலாம் என்று மாற்றிக்கொண்டது. பிளாஸ்மா சிகிச்சையை 2021 மே மாதம் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) கொரோனா சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆதாரம் மாறியது, அறிவுரை மாறியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்ற கேள்வியை நிபுணர் குழு கேட்காவிட்டால் போகட்டும், அமைச்சரவையாவது கேட்க வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேரளத்தில் தனியார் பரிசோதனைக் கூடத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். கட்டணம் அப்போது 500 ரூபாய். 1,700 ஆக இருந்ததை 2021 ஏப்ரல் கடைசியில் குறைத்தார்கள், பாராட்டுவோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவரின் நாள் கூலி 400 ரூபாயை ஒட்டி நின்றது. சான்றின் ஆயுள் 72 மணி நேரம், அதாவது மூன்று நாள். முடிவு கையில் கிடைப்பதற்குள் அதில் ஒரு நாள் போய்விடும். கடைகள் திறந்திருந்தது வாரத்தில் ஆறு நாள். ஊசி கிடைக்காத ஒருவர் அந்த ஆறு நாளும் சட்டத்தை மதித்துக் கடைப்படி ஏற வேண்டுமென்றால் வாரத்துக்கு மூன்று பரிசோதனை, 1,500 ரூபாய். ஆறு நாள் கூலி 2,400. வாங்கப் போவது அரிசியும் பருப்பும்தான் என்றாலும், அதை வாங்கும் தகுதிக்கு மட்டும் மூன்றே முக்கால் நாள் உழைப்பு. அரிசியைவிட அரிசி வாங்கும் அனுமதிக்கு விலை அதிகமாக வைத்த அரசு இதற்கு முன் இருந்ததா என்று வரலாற்று ஆசிரியர்கள் தேடிச் சொல்லலாம். கேரளச் சட்டப்பேரவையில் அரசு ‘நல்லது’ என்ற தொனியில் சொன்ன இந்த விதி உத்தரவில் நிபந்தனையாகிவிட்டதே என்று எதிர்க்கட்சி கேட்டது. கடைக்காரருக்கும் அதே குழப்பம். வாசலில் நின்று சான்று கேட்டால் வியாபாரம் போகும், கேட்காமல் விட்டால் போலீஸ் வரும்.

அரசு மருத்துவமனையில் பரிசோதனை இலவசம்தானே என்றார்கள். இலவசம்தான். பீர்மேடு தாலுகா மருத்துவமனைக்கு எஸ்டேட்டிலிருந்து போகும் ஜீப்புக்கு யார் காசு கொடுப்பது? வரிசையில் நிற்கும் அரை நாளுக்கு யார் சம்பளம் போடுவது? 500 ரூபாய்ச் சான்றுக்குப் பதிலாக அரை நாள் கூலியையும் ஜீப் வாடகையையும் இழந்து வாங்கும் இலவசம் அது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. காய்ச்சல்காரருக்கும் அவரோடு பழகியவருக்கும் செய்ய வேண்டிய பரிசோதனையைக் கடைக்குப் போவதற்காக நலமாய் இருப்பவர் எடுத்துக்கொண்டிருந்தால், உண்மையில் நோய் உள்ளவரின் மாதிரி வரிசையில் பின்னால் போகும். நோயைத் தேடுவதற்காக வந்த கருவி அப்போது வாயில் காவலுக்கு நின்றது.

ஊசிதான் வழி என்றால் அதற்கும் நாம் தயார். ஆனால் கோவிஷீல்டின் இரண்டாம் ஊசிக்கான இடைவெளி 2021 ஜனவரியில் 28 நாள், மார்ச்சில் எட்டு வாரம் வரை, மே 13 முதல் 12 வாரத்திலிருந்து 16 வாரம். ஜூன் கடைசியில் முதல் ஊசி போட்டுக்கொண்ட முப்பது வயதுப் பெண்ணுக்கு செப்டம்பர் கடைசிக்கு முன்னால் இரண்டாவது ஊசி கிடைக்க வழியில்லாமல் இருந்தது. 14 நாளைக் கூட்டினால் அக்டோபர். தமிழ்நாடு அவளிடம் இரண்டு ஊசியையும் ஆகஸ்டில் கேட்டது. அவளாகத் தாமதிக்கவில்லை, காத்திரு என்று சொன்னது அரசு. சரி, அறிவியல் காத்திருக்கச் சொல்கிறது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றால், ஜூன் மாதம் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு போகிறவர்களுக்கும் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போகிறவர்களுக்கும் 28 நாளிலேயே இரண்டாம் ஊசி. அதே வியாழக்கிழமை அந்த ஒலிம்பிக்ஸில் ஹாக்கி கோல்போஸ்ட்டில் நின்று வெண்கலத்தைக் காப்பாற்றிய ஸ்ரீஜேஷுக்கு எது கொடுத்தாலும் தகும், அதில் நமக்கு மறுபேச்சில்லை. ஆனால் கடல் தாண்டுகிறவருக்கு 28 நாள் போதுமென்றால், கம்பம் மலைப்பாதையில் இறங்குகிறவருக்கு மட்டும் 84 நாளா? தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவரின் பயணம் பயணமில்லையா?

கேரளத்தில் தினம் இருபதாயிரம் பேருக்கு வருகிறது, நாட்டின் தொற்றில் பாதி அங்கேதான், கதவைச் சாத்தாமல் என்ன செய்வது என்று அந்த நாட்களில் சென்னையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தொலைக்காட்சி விவாதங்களில் இந்தக் குரல் கொஞ்சம் சந்தோஷத்தோடும் ஒலித்தது, அதுதான் எரிச்சல். ஐ.சி.எம்.ஆர். 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களில் 2021 ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது ரத்த ஆய்வின் மாநில விவரம் அந்த ஜூலை கடைசியில்தான் வெளிவந்தது. எதிர்ப்பணு இருந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 69 பேர், மத்தியப் பிரதேசத்தில் 79, கேரளத்தில் 44. இது ஊசியால் வந்ததையும் நோயால் வந்ததையும் சேர்த்த கணக்கு. கேரளத்தில் மாதிரி எடுத்தவை பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்கள்; இடுக்கி அதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இந்த எண்களுக்கு ஒரே பொருள்தான்: மற்ற இடங்களில் எண்ணப்படாமலே வந்துபோன நோய் கேரளத்தில் பெரும்பாலோருக்கு அதுவரை வரவில்லை. வராதவர்கள் அதிகமாக மிஞ்சியிருக்கும் ஊரில் டெல்டா புகுந்தால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். 2021 ஜூலையில் பக்ரீத்துக்குத் தளர்வு கொடுத்ததற்காக உச்ச நீதிமன்றத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கேரள அரசும் மறந்துவிடக் கூடாது. ஓணம் இரண்டே வாரத்தில் வரவிருந்தது. கதவில் காவல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காய்ச்சல் பார்க்கட்டும், அங்கேயே ஆன்டிஜென் பரிசோதனை செய்யட்டும், செலவை அரசு ஏற்கட்டும் என்றுதான் கேட்டோம்.

அந்த வாரம் கேரளம் செய்த ஒரு மாற்றத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். அதுவரை பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குத் தொற்று என்று பார்த்துப் பஞ்சாயத்துகளை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். நலமானவர்கள் நாலு பேரைக் கூடப் பிடித்துப் பரிசோதித்தால் விழுக்காடு தானாக இறங்கும். வியாபாரிகள் கொதித்ததில் தப்பில்லை. அதன் பிறகு ஒரு வாரத்தில் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதுதான் கணக்கு. பத்தைத் தாண்டினால் அந்த இடத்தில் மட்டும் கடும் ஊரடங்கு. இருபதாயிரம் பேர் உள்ள பஞ்சாயத்துக்கு 200 பேர்தான் எல்லை என்று யாரும் கணக்குப் பார்க்கலாம். ஆனால் இப்படிப்பட்ட விளக்கம் மாலையில் மலையாளத்தில் வந்தது. அது தமிழாகித் தமிழ்த் தொழிலாளர்களின் எஸ்டேட்டுக்கு ஏறுவதற்குள் அடுத்த திருத்தம் வந்துவிட்டது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை கொடுத்திருக்கிறது. கேட்டால் பதில் சொல்வதற்கே சட்டம் இருக்கும்போது, கேட்காமலே பிறப்பிக்கும் உத்தரவை அதே நாளில் தமிழில் கொடுத்தால் என்ன?

வீட்டிலேயே தனித்திரு என்ற அறிவுரை ஒன்றுதான் இத்தனை மாற்றங்களிலும் மாறாமல் இருந்தது. தனி அறை, சேர்ந்தாற்போல் ஒரு கழிவறை. எழுதியவர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தைப் பார்த்ததில்லை. ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் மூலை, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும் சுவர். வீட்டில் வசதி இல்லாதவருக்குப் பஞ்சாயத்துப் பராமரிப்பு மையம் இருந்தது என்பது உண்மை. ஆனால் வரிசையாய் வாழும் மனிதர்களில் எத்தனை பேரைப் பெயர்த்துக்கொண்டு போவது? வீடும் மருத்துவமும் தோட்ட முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லி 2021இல் எழுபது வருடம் ஆகியிருந்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் பூட்டிய பீர்மேடு தேயிலைக் கம்பெனியின் லயங்களில் அப்போதும் மனிதர்கள் இருந்தார்கள், ஓடு மாற்றத்தான் ஆளில்லை. அதற்கு முந்தைய வருடம் அதே வாரம், 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர் போனது. நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. அவர்கள் அன்று ஊரடங்கை மீறி எங்கும் போகவில்லை. லயத்துக்குள்தான் இருந்தார்கள்.

ஆகவே இரண்டு முதலமைச்சர்களுக்கும் அன்று நாம் வைத்த கோரிக்கை ஒன்றுதான். பரிசோதனை வண்டியையும் ஊசிப் பெட்டியையும் தோட்டத்தின் மஸ்டர் ஆபீஸ் வாசலுக்கு அனுப்புங்கள், காலையில் பெயர் கூப்பிடுகிற நேரத்துக்கு. அங்கே எல்லோரும் இருப்பார்கள். ஜீப் வாடகை இல்லை, கூலி இழப்பு இல்லை. அங்கே கொடுக்கும் ஒரே சீட்டை வண்டிப்பெரியாறு கடைக்காரரும் குமுளி செக்போஸ்ட்டில் நிற்கும் தமிழ்நாட்டு அதிகாரியும் ஏற்றுக்கொள்ளட்டும். இதற்கு நிபுணர் குழு தேவையில்லை. தேனி, இடுக்கி கலெக்டர்கள் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும், ஓணத்துக்கு முன்னாலேயே.