மூச்சுக் காற்றும் அண்டை வீட்டார் உரிமையும்

ஒரு வீட்டில் மூட்டும் நெருப்பின் புகை அடுத்த வீட்டுக்குள் நுழைந்தால் அவ்வீட்டார் வந்து கேட்பார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், ஒரு நாட்டில் மூட்டிய நெருப்பின் புகை கடலைக் கடந்து மற்றொரு நாட்டுக் குழந்தைகளின் மார்புக்குள் புகுந்தால் யாரிடம் சென்று கேட்பது? கேட்டால் பதில் சொல்லும் கடமை எவருக்கு உண்டு? உலக நாடுகள் இன்னும் நிறைவான விடை காணாத கேள்வி இது. நம்மில் பலருடைய உற்றார் உறவினர் வாழும் மலேசியாவும் சிங்கப்பூரும் இக்கேள்விக்கு நடுவே மீண்டும் மீண்டும் மூச்சுத் திணறியிருக்கின்றன. ஆகவே, வாசகர்களே, இதனைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவிலும், போர்னியோத் தீவில் அந்நாட்டுக்குரிய பகுதியாகிய கலிமந்தானிலும் பரந்த சதுப்பு நிலங்கள் உள்ளன. மரமும் இலையும் வேரும் பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி, முழுதும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த மண் அது. ‘பீட்’ என்று அதனை அழைப்பர். ஈரம் இருக்கும்வரை அம்மண் எளிதில் தீப்பற்றாது. எண்ணெய்ப்பனை நடுவதற்காகவும், காகித ஆலைகளுக்கு வேண்டிய மரங்களை வளர்ப்பதற்காகவும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், அதே மண் காய்ந்த விறகாகிவிடுகிறது. காட்டை அழித்து நிலத்தைத் திருத்த மிக மலிவான வழி தீ வைப்பதே. வைத்த தீ மேலே அணைந்தாலும் மண்ணுக்குள் இறங்கிக் கனன்றுகொண்டிருக்கும், வாரக்கணக்கில் புகையும். எல் நினோ ஆண்டுகளில் மழை பொய்த்துவிட்டால், அதனை அணைக்க மனித முயற்சி போதுவதில்லை.

அப்புகையில் மிதக்கும் நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு அளவினவும் அதனினும் சிறியனவும் ஆகும். மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுத்து நிறுத்த இயலாது. நுரையீரலின் அடிவரை சென்று, மிக நுண்ணியவை குருதியிலும் கலந்துவிடுகின்றன. ஆஸ்துமா மட்டுமன்று, மாரடைப்பும் பக்கவாதமும் நுரையீரல் புற்றுநோயும்கூட மாசுற்ற காற்றால் பெருகுகின்றன என்பது மருத்துவ உலகம் ஐயமின்றி நிறுவிய உண்மை. 2021-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் அளவுகோலை மேலும் கடுமையாக்கியது. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அதன் பரிந்துரை. உலக மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அந்நிறுவனத்தின் அளவைத் தாண்டிய காற்றையே சுவாசிக்கின்றனர்.

நடந்தவற்றை நினைவுகூருங்கள். 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300-ஐத் தாண்டினாலே பேராபத்து என்று கருதப்படும் மாசுக் குறியீடு அங்கே 800-ஐத் தாண்டியது. 2013 ஜூனில் சிங்கப்பூரில் அக்குறியீடு 401-ஐத் தொட்டது. மலேசியாவின் மூவார் நகரில் 700-ஐக் கடந்தது. 2015-இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் நிலம் தீக்கிரையாயிற்று. அந்நாட்டிற்கு ஏற்பட்ட இழப்பு 1,610 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், அப்புகையால் மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ 1,00,300 பேர் உரிய காலத்திற்கு முன்பே மாண்டிருக்கலாம் என்று 2016-இல் கணக்கிட்டனர். அரசுகள் அக்கணக்கை ஏற்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அக்கணக்கின்படி மாண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்தோனேசியரே. அண்டை வீட்டுக்குப் புகை அனுப்பியவனின் வீட்டில்தான் முதல் ஜனாஸா எழுகிறது!

இதற்குப் பரிகாரம் தேடாமல் இல்லை. 2002 ஜூன் 10 அன்று கோலாலம்பூரில், எல்லை தாண்டும் புகைமூட்டத்தைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் ஆசியான் நாடுகள் கையொப்பமிட்டன. 2003-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் தீ எரியும் நாடாகிய இந்தோனேசியா அதனை முறைப்படி ஏற்றது 2014-இல்தான். பத்து நாடுகளில் கடைசியாக! 2020-க்குள் புகையற்ற ஆசியான் என்று நாள் குறித்தார்கள். 2019-இலேயே மீண்டும் பெருந்தீ மூண்டது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. காரணம் வெளிப்படை. மீறும் நாட்டைத் தண்டிக்கவோ, இழப்பீடு பெறவோ அவ்வொப்பந்தத்தில் வழியில்லை. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடலாகாது என்னும் கொள்கையே அக்கூட்டமைப்பின் அடித்தளம். “எங்கள் மண்; எங்கள் காடு” என்ற சொல்லுக்கு முன் ஒப்பந்தம் ஊமையாகிவிடுகிறது.

கப்பலின் கீழ்த்தளத்தில் பயணம் செய்தோர் தம் பங்குக்குரிய இடத்தில் துளையிட முனைந்ததைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமையை ஜும்ஆ மேடைகளில் நீங்கள் பன்முறை செவிமடுத்திருப்பீர்கள். துளை அவர்களது பங்கில்தான். மூழ்குவதோ முழுக் கப்பல். இவ்வுவமையில் நாம் பெரும்பாலும் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. துளையிட முனைந்தோர் கெடுமதியாளர் அல்லர். அவர்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. ஆகவே மேல்தளத்தாரின் கடமை கையைத் தடுப்பதோடு முடிந்துவிடுமா? தடுக்கவும் வேண்டும், தண்ணீர் கிடைக்க வழிசெய்யவும் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே உண்மையான கூட்டுறவு.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்களாயின், நடந்திருக்கிறது என்பதே பதில். ஸ்வீடன், நார்வே நாட்டு ஏரிகளில் மீன்கள் மடிந்தன. பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் எரித்த நிலக்கரியின் கந்தகப் புகை, அமில மழையாக அங்கே பொழிந்ததே காரணம் என்று விஞ்ஞானிகள் 1960-களின் இறுதியில் எடுத்துரைத்தபோது பலர் நம்பவில்லை. ஆயினும் 1979 நவம்பரில் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. பனிப்போரில் எதிரெதிரே நின்ற கிழக்கு ஐரோப்பிய, மேற்கு ஐரோப்பிய நாடுகள் ஒரே தாளில் கையொப்பமிட்டன. எந்த நாட்டுப் புகை எந்த நாட்டில் விழுகிறது என்று பொதுவாக அளந்தார்கள். அளக்கும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். 1985-இல் ஹெல்சிங்கியில், கந்தகப் புகையை 1993-க்குள் முப்பது விழுக்காடு குறைப்பதென்று எண்ணும் ஆண்டும் இட்டு எழுதினார்கள். பிரிட்டன் அன்று கையொப்பமிட மறுத்தது; பின்னர் வந்த உடன்பாட்டில் அதுவும் சேர்ந்தது. 1990-க்குப் பின் ஐரோப்பாவின் கந்தகப் புகை சுமார் ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது. பகைவர்களால் இயன்றது நண்பர்களால் இயலாதா?

இயலும், ஆனால் பழியை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தினால் இயலாது. இந்தோனேசியத் தோட்டங்களில் சிங்கப்பூர், மலேசிய முதலீடுகளும் உள்ளன. புகையால் இருமுகிற நகரத்திலேயே அப்புகையின் இலாபமும் கணக்கில் ஏறலாம். இதனை உணர்ந்தே சிங்கப்பூர் 2014-இல் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டில் தீ வைத்துத் தன் நாட்டிற்குப் புகை வரச் செய்யும் நிறுவனத்திற்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் என்று அச்சட்டம் கூறுகிறது. இது கையைத் தடுப்பது. தண்ணீர் தருவது எது? ஓரிரு ஹெக்டேர் வைத்திருக்கும் ஏழைக் குடியானவனுக்கு நிலம் திருத்த இயந்திரம் இல்லை, தீக்குச்சிதான் உண்டு. அவனைச் சிறையில் தள்ளினால் மட்டும் சதுப்பு நிலம் ஈரமாகிவிடாது. வெட்டிய கால்வாய்களை அடைத்து நீரைத் தேக்கவும், தீயில்லாமல் நிலம் திருத்தவும் பணம் வேண்டும். அப்பணத்தில் தூய காற்றை விரும்பும் அண்டை நாடுகளுக்கும் பங்குண்டு.

2016-ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் உலமாப் பேரவை ஒரு ஃபத்வா வெளியிட்டது. பிறருக்குத் தீங்கும் நோயும் சூழல் கேடும் விளைவிக்கும் வகையில் காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம் என்று அது தீர்ப்பளித்தது. அதற்குத் துணை புரிவதும், கண்டும் காணாதிருப்பதும், அதனால் இலாபம் அடைவதும்கூட ஹராமே என்றது. ஒரு ஃபத்வாவால் தீ அணைந்துவிடாது என்பது 2019-இல் தெரிந்தது. ஆயினும் சட்டம் சொல்லத் தயங்கியதை அந்த ஆலிம்கள் சொன்னார்கள்: குற்றம் தீ வைத்த கையோடு முடிவதில்லை, இலாபம் எதுவரை செல்கிறதோ அதுவரை பொறுப்பும் செல்கிறது.

அந்த வழியே நடந்து பாருங்கள். அது நம் அடுப்படிக்கும் வந்து சேரும். உலகில் பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளில் முன்னணியில் நிற்பது இந்தியா. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. தமிழகத்தின் நியாயவிலைக் கடைகளில் 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின் வழியாக அந்த எண்ணெய் எத்தனையோ ஏழை வீடுகளின் வாணலிக்கு வந்திருக்கிறது. அதனை வாங்காதீர்கள் என்று கூற நான் முன்வரவில்லை. ஏழையின் எண்ணெயைப் பறித்து எந்த அறமும் நிலைநாட்டப்படுவதில்லை. மேலும், எல்லாப் பாமாயிலும் தீ வைத்த நிலத்தில் விளைந்ததன்று. கேட்க வேண்டியவர்கள், கப்பல் கப்பலாக வாங்குகிற அரசும் வணிகர்களுமே ஆவர். இந்த எண்ணெய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது? அந்நிலம் எரிக்கப்பட்டதா? அக்குடியானவனுக்கு நியாயமான விலை கிடைத்ததா? பெரிய வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால் விற்பவர் பதில் தேடியே ஆகவேண்டும். வாங்குவோர் எல்லோரும் சேர்ந்து கேட்டால், எந்த ஒப்பந்தத்திற்கும் இல்லாத வலிமை அக்கேள்விக்கு உண்டாகும்.

அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாதிருப்பதை நற்குணம் என்று மட்டும் நாம் கற்கவில்லை. அது அவருடைய உரிமை என்றே கற்றிருக்கிறோம். எல்லைக்கோடு காற்றைத் தடுப்பதில்லை. எனவே அவ்வுரிமையையும் அது தடுக்கலாகாது. பொதுவாக அளப்பது, எண்ணும் நாளும் இட்டுக் குறைப்பது, மீறுவோரைத் தட்டிக் கேட்பது, இயலாதவர்க்கு வழி செய்வது: இந்நான்கும் இல்லாத ஒப்பந்தம் வெறும் காகிதமே. அவற்றைக் கேட்டுப் பெறும் துணிவையும், கேட்கப்படும்போது பொறுப்பேற்கும் நேர்மையையும் வல்ல இறைவன் நமக்கும் நம்மை ஆள்வோருக்கும் அருள்வானாக!