முதலில் தண்ணீர்க் கணக்கு

வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கஞ்சிக்கோடு என்றால் இரும்பு ஆலைகளும் லாரி வரிசையும்தான் கண்ணில் படும். கண்ணம்பிராவிலும், இந்த ஊரை ஒட்டிய புதுசேரியிலுமாக 1,710 ஏக்கரில் ஒரு தொழில் நகரம் அமைக்க 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திட்ட மதிப்பு 3,806 கோடி ரூபாய். சுமார் 51 ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லப்படுகிறது.

வேலை வரட்டும். 2008 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்து, 2012இல் அடிக்கல்லும் நாட்டிய ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காகக் காத்திருந்து ஏமாந்த ஊர் இது. கஞ்சிக்கோட்டுப் பிள்ளைகள் வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் போவதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை: எந்த ஆலைக்கு உரிமம் கொடுப்பதானாலும், அது குடிக்கப்போகும் தண்ணீரின் கணக்கை முதலில் மக்கள் முன் வைக்க வேண்டும்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் தெற்கே, சிற்றூர்ப் பக்கம், பிளாச்சிமடையில் இருக்கிறது. அங்கே 2000இல் கொக்கோகோலா ஆலை வந்தது. உரிமம் கொடுத்தது பெருமாட்டி பஞ்சாயத்துதான். ஆழ்துளைக் கிணறுகள் ஓடத் தொடங்கிச் சில மாதங்களிலேயே சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் மாறிவிட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். அதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண். குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டி வந்தவர்கள், 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்.

அடுத்த ஆண்டு அந்தப் பஞ்சாயத்து செய்ததைத்தான் நாம் துணிவு என்கிறோம். ஆலையின் வரியும் கட்டணமும் அதன் கஜானாவுக்கு முக்கிய வருமானம். எதிரே நின்றதோ உலகமெங்கும் கிளை பரப்பிய நிறுவனம். இருந்தும், தானே கொடுத்த உரிமத்தைப் புதுப்பிக்க 2003இல் மறுத்தது. தான் செய்த தவறைத் தானே திருத்திக்கொள்ளும் மனம் நம் ஆட்சியாளர்களில் எத்தனை பேருக்கு உண்டு? அந்த ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாகத் திரும்பியபோதும் ஆலை மறுபடி நிலையாக ஓடவில்லை.

பிறகு நடந்தது வெட்கப்பட வேண்டியது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு, மக்களுக்கு ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007லேயே காலமாகிவிட்டார்.

2030க்குள் உலகில் எல்லோருக்கும் பாதுகாப்பான குடிநீர் என்று 2015இல் ஐ.நா. சபையில் நாடுகள் உறுதி ஏற்றன. 2022 கணக்கிலும் சுமார் 220 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. மாநாட்டில் கையெழுத்துப் போடுவது எளிது. பணம் தரும் ஆலையிடம் 'நிறுத்து' என்று சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

அப்படிப்பட்ட தலைமையை இந்த மண் வேறு விதத்திலும் பார்த்திருக்கிறது. கஞ்சிக்கோட்டுக்கு அருகிலுள்ள மலம்புழா அணையைக் கட்டியது அன்றைய சென்னை அரசு. 1955 அக்டோபரில் திறந்துவைத்தவர் முதல்வர் காமராஜர். மாநிலங்களைப் பிரிக்கும் பேச்சு உச்சத்தில் இருந்த நேரம் அது. இந்தப் பகுதி அடங்கிய மலபார் கைவிட்டுப் போகும் என்பது தெரியாததல்ல. அடுத்த ஆண்டே போனது. அதற்காக அந்த அரசு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகவில்லை.

இன்று அதே அணையின் நீரில் பாலக்காட்டு நெல்வயலும் நகரத்துக் குடிநீரும் பங்கு கேட்கின்றன, தொழிற்பேட்டையும் கேட்கிறது. பக்கத்து எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தபோது கிளம்பிய எதிர்ப்பும் தண்ணீரைப் பற்றியதுதான். மழைநீரைச் சேமித்துக்கொள்வோம், தேவைப்பட்டால் குழாயில் எடுத்துக்கொள்வோம் என்ற ஆலைத் தரப்பின் பேச்சை நம்ப மக்கள் தயாராக இல்லை. சிற்றூர் வட்டாரத்தின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். அங்கே நிலத்தடி நீர் ஏற்கெனவே ஆபத்தான அளவுக்கு உறிஞ்சப்பட்டுவிட்டது.

ஆகவே மாநில அரசும் தொழில் நகர நிர்வாகமும் முதல் உரிமத்துக்கு முன் ஒரு கணக்கை வெளியிட வேண்டும். ஆலைக்கு ஆலை நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், அணையிலிருந்தா ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, கழிவுநீரில் எவ்வளவு சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதைக் கிராமசபையில் மலையாளத்திலும் தமிழிலும் வாசிக்கட்டும். மழை பொய்த்த ஆண்டின் மே மாதத்தில் யாருடைய குழாய் முதலில் மூடப்படும் என்ற வரி அந்தக் கணக்கில் கட்டாயம் இருக்க வேண்டும்.